கைப்பையில் ஒரு பவுடர் டப்பா

போன மாதம் கம்பெனியிலிருந்து ஒரு போன் வந்தது. நான் வேலை பார்த்த அட்மின் பிரிவில் இப்போது இருக்கும் பெண் பேசினாள். "அண்ணா, அலமாரிக் கதவுல ஒரு பேப்பர் ஒட்டி வெச்சிருக்கீங்களே, பிளைட்டுல போறவங்க பையில இன்னா வெக்கலாம், இன்னா வெக்கக் கூடாதுன்னு. அதைக் கிழிச்சிடலாமா? இப்ப சில ஏர்போர்ட்ல பாட்டிலை வெளிய எடுக்கவே வேணாமாம். புது மெஷின் வந்துகீதாம்."

"தாராளமா கிழிச்சுக்கோம்மா" என்றேன்.

"இவ்ளோத்தையும் யாருண்ணா உக்காந்து யோசிச்சது? நீங்களா?"

நான் இல்லை. யோசித்தவர் ஹேமலதா மேடம். போனில் அவ்வளவுதான் சொன்னேன். ஆனால் வைத்த பிறகு மனசு ஆறவில்லை. ஒரு பெயரை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டோமே என்று இருந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் ஊர் மணிமங்கலம். எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்கப்புறம் செங்கல் லாரி, அரிசி மண்டி, சிமெண்டு கடை என்று முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. 2006-இல் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினார்கள். கலவை சுமக்கப் போனேன். சுவர் முடிந்ததும் அங்கேயே துப்புரவு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரு வருஷத்தில் அட்மினுக்கு உதவியாளாக மாற்றினார்கள். 2015-இல் ஐம்பத்தெட்டு முடிந்து வெளியே வந்தேன். நான் உள்ளே போன கதை அவ்வளவுதான்.

கார் கதவுக்குப் பூட்டு செய்யும் கம்பெனி அது. தலைமைக் கம்பெனி கொரியாவில். வருஷத்துக்கு நாலைந்து தடவை இங்கிருந்து ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். பெரும்பாலும் லைனில் நிற்கிற பையன்கள். விமானத்தை வானத்தில் பார்த்ததோடு சரி. இவர்களை அனுப்புவதில் ஒரு வில்லங்கம் உண்டு. விமானத்தின் அடியில் போடுகிற பெட்டிக்கு இருபது கிலோ என்றால், அந்த இருபது கிலோவையும் கம்பெனியே எடுத்துக்கொள்ளும். அளவுபார்க்கும் கருவி, மாதிரிப் பூட்டு, இரும்புத் தகடு என்று நிரப்பிவிடுவார்கள். போகிற பையனுடைய துணிமணி, சவர சாமான், சோப்பு, சீப்பு எல்லாமே ஏழு கிலோ கைப்பைக்குள் அடங்கியாக வேண்டும். கைப்பை என்றால் செக்யூரிட்டியில் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த அந்த வருஷம்தான், கையில் கொண்டுபோகும் தண்ணி, எண்ணெய், பேஸ்ட் எதுவாக இருந்தாலும் நூறு மில்லிக்கு மேல் கூடாது என்ற கெடுபிடி வந்தது. ஆரம்பத்தில் எங்கள் ஆட்கள் பாதிப் பேர் ஏர்போர்ட் குப்பைத்தொட்டியில் ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினார்கள். ஒருவனை அரைமணி நேரம் தனியாக உட்கார வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்த வேலையை ஹேமலதா மேடத்திடம் கொடுத்தார்கள்.

மேடத்துக்கு அப்போது முப்பது வயசு இருக்கும். தாம்பரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எனக்குப் பயம் அதிகம் என்பது ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். வீட்டுப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பஸ் ஏறின பிறகும் இறங்கிப் போய் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்திருக்கிறேன். இதை வைத்து எல்லாரும் கிண்டல் செய்வார்கள். மேடம் மட்டும் அதைக் கேள்விப்பட்டுவிட்டு, "எனக்கு அப்படி ஒரு ஆளுதான் வேணும்" என்று சொல்லி என்னைப் பை பார்க்கிற வேலைக்குக் கேட்டு வாங்கினார். என் பயத்துக்கு ஒரு உபயோகம் இருக்கிறது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அவர் வைத்த முறை இது. பயணத்துக்கு முந்தின நாள் மூன்று மணிக்குப் பை அட்மினுக்கு வந்துவிட வேண்டும். வந்தால் அன்று ராத்திரி அங்கேயே பூட்டி வைப்போம். பையனிடம் விட்டால் ரூமில் இருப்பவன் ஒரு பொட்டலம், பக்கத்து ரூம்காரன் ஒரு பொட்டலம் என்று திணித்துவிடுவான். மேசைமேல் வெள்ளை பெட்ஷீட் விரிப்பேன். பை சொந்தக்காரன் தன் கையால் ஒவ்வொன்றாக எடுத்து அதன்மேல் வைக்க வேண்டும். மேடமும் தொட மாட்டார், என்னையும் தொட விட மாட்டார். "அவங்க பைக்குள்ள நாம கை விடக் கூடாது. அங்க ஆபீசர் கேக்கும்போது எது எங்க இருக்குன்னு அவங்க கைக்குத் தெரியணும்" என்பார். பையன் எடுத்து வைக்க வைக்க, மேடம் ஏர்போர்ட் ஆபீசர் மாதிரியே கேட்பார்.

"இது என்ன?"

"பேஸ்ட்டு மேடம்."

"எவ்வளவு?"

"பாதிதான் மேடம் இருக்கு."

"உள்ள எவ்வளவு இருக்குன்னு பாக்க மாட்டாங்க. வெளிய என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. நூத்தம்பது கிராம். போகாது."

ஷேவிங் நுரை டப்பாவையும் இப்படித்தான் ஒதுக்கிவைப்பார். பழைய மாதிரி இரும்பு ரேசர் வைத்திருப்பவனிடமிருந்து பிளேடை வாங்கிக்கொண்டு, பிளாஸ்டிக் ரேசர் ஒன்று கொடுப்போம். அதோடு விட மாட்டார். "பர்ஸைத் திறங்க" என்பார். எங்கள் லைனில் பார்சல் பட்டையை அறுப்பதற்காக அரை பிளேடைக் காகிதத்தில் மடித்துப் பர்ஸில் வைத்திருப்பது பையன்களுக்குப் பழக்கம். வைத்திருப்பதே ஞாபகம் இருக்காது. அது மேடத்துக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு தடவை செய்யாறு பக்கத்துப் பையன் ஒருவன் ஊறுகாய் பாட்டிலோடு நின்றான். "இது தண்ணி இல்ல மேடம். எங்க மாமியார் கெட்டியா போடுவாங்க."

"கவுத்துங்க பாப்போம்."

கவிழ்த்தான். ஓடி பெட்ஷீட்டெல்லாம் எண்ணெய் ஆயிற்று. பக்கத்தில் நின்ற டிரைவர் தேசப்பன், "உங்க மாமியார் கல்யாணத்துக்கு மின்னாடி சொன்னதெல்லாம்கூட இப்படித்தானாப்பா?" என்று கேட்டான். மேடம் சிரிக்கவில்லை. ஆனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஷாம்பு, எண்ணெய் ஊற்றிக் கொடுப்பது என் வேலை. ஐம்பது மில்லி சின்ன பாட்டில். கழுத்துக்குக் கீழே ஒரு விரல் அளவு இடம் விட வேண்டும். மூடிக்கு அடியில் பாலிதீன் துண்டு வைத்துத் திருக வேண்டும். மேலே போனால் காற்றழுத்தம் மாறி ஒழுகும். நான் ஒவ்வொன்றையும் தலைகீழாகப் பிடித்து நூறு எண்ணுவேன். எல்லாம் ஒரே ஒரு கண்ணாடிக் கவரில், ஜிப் மூடுகிற அளவுக்கு. கடைசியில் பையனே எல்லாவற்றையும் திரும்ப அடுக்க வேண்டும். ஒரு பையனுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஒரு தடவைகூட மேடம் அவசரப்பட்டுப் பார்த்ததில்லை. அந்த முறை வந்த பிறகு, ஒரே ஒருவனைத் தவிர எங்கள் ஆள் யாரையும் ஏர்போர்ட்டில் நிறுத்தவில்லை.

இப்போது இசக்கிமுத்துவின் விஷயத்துக்கு வருகிறேன்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவன். இருபத்தாறு வயசு. மண்ணூரில் ஆறு பேர் சேர்ந்து எடுத்த ரூமில் தங்கியிருந்தான். மூன்று வருஷமாகக் காண்டிராக்டில் இருந்தவன். வேலையில் கெட்டி. இரண்டு மாசம் கொரியாவுக்குப் போய்வந்தால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். பாஸ்போர்ட் தாமதமாக வந்ததால் அவனோடு தேர்வானவர்கள் முன்னாலேயே போய்விட்டார்கள். இவன் தனியாக, சிங்கப்பூரில் மாறிப் போக வேண்டும்.

முந்தின நாள் மூன்று மணிக்குப் பையோடு வந்தான். அன்றைக்கு யாரோ வெளியாள் வந்து கம்பெனியைத் தணிக்கை செய்துகொண்டிருந்தார்கள். மேடம் வர முடியவில்லை. "முதல் தடவை நீங்க பாத்துடுங்க. காலையில ஆறரைக்கு நான் பாக்கறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

எல்லாம் ஒழுங்காக வந்தது. கடைசியில் பெரிய பவுடர் டப்பா ஒன்று. பவுடர் டப்பாவைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டிக் காட்ட வேண்டும் என்பது முறை. தட்டச் சொன்னேன். தட்டினான். பவுடர் வரவில்லை. உள்ளே கடகட என்று கண்ணாடி மாதிரி ஒரு சத்தம்.

"இன்னா தம்பி இது?"

கதவைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் டப்பாவின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த வெள்ளை டேப்பை உரித்தான். அடியை அறுத்துவிட்டு ஒட்டியிருக்கிறான். உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் ஆறு சின்ன மருந்து பாட்டில். பக்கத்தில் ஒரு கத்தை ஊசி.

 போதை மருந்து என்றுதான் நினைத்தேன்.

"அண்ணாச்சி, நீங்க நெனைக்கித மாதிரி இல்ல. சக்கரை. இன்சுலினு."

"இந்த வயசுலயா?"

"பதினாலு வயசுல இருந்து. ரெண்டு வேளையும் போட்டுக்கிடணும். போடலன்னா ரெண்டு மூணு நாளுல படுத்துருவேன். அதுக்கு மேல சொல்லுததுக்கு ஒண்ணுமில்ல."

"கம்பெனிக்குத் தெரியாதா?"

"சேரும்போது கண்ணு பாத்தாவ, காது பாத்தாவ. இதைக் கேக்கல. நானும் சொல்லல. சொன்னா எடுப்பாவளா?"

"ரூம்ல இருக்கறவங்களுக்கு?"

"முடி கொட்டுததுக்கு ஊசின்னு சொல்லி வச்சிருக்கேன். 'ஏல, முடி தலையில கொட்டுது, நீ வயித்துல குத்துத'ன்னு கேலி பண்ணிக்கிட்டு இருப்பானுவ."

ரூமில் பிரிட்ஜ் கிடையாது. ஒரு மண்பானையில் தண்ணி ஊற்றி, மருந்தைக் கவரில் கட்டி அதற்குள் இறக்கி வைத்துத்தான் மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறான். ஒரு நாள்கூட வேலைக்கு மட்டம் போட்டவன் இல்லை. சின்னத் தலைவலிக்கே படுத்துவிடுகிற எனக்கு அவனைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"காலையில மேடம் இதைத் தட்டச் சொல்லுவாங்கப்பா. அதுக்கு மின்னாடி நீயே சொல்லிடு."

"சொன்னா அனுப்புவாவளா அண்ணாச்சி?"

எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் சொன்னேன்.  "காலையில சொல்லுதேன். இன்னைக்கி ராத்திரிக்கும் நாளைக்கும் ரூம்ல ஒரு பாட்டில் தனியா இருக்கு. இது இங்க இருக்கட்டும். ஆனா குளுமையா இருக்கணும்" என்றான். டப்பாவைப் பைக்குள் வைத்துவிட்டுப் போனான்.

சித்திரை மாச வெயில். ஆறு மணிக்கு ஏ.சி.யை நிறுத்திவிட்டால் எங்கள் அறை அடுப்பு மாதிரி. குளுமையாக இருக்க வேண்டும் என்று சொன்னானே, வெந்து கெட்டுப்போனால் என்ன செய்வான் என்று பயந்துவிட்டேன். அவனிடம் போனில் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. பையைத் திறந்து, டப்பாவிலிருந்து ஆறு பாட்டிலையும் எடுத்தேன். டீ போடுகிற பேன்ட்ரி அறையில் ஒரு பிரிட்ஜ் உண்டு. கீழ்த்தட்டில் பால் பாக்கெட், விருந்தாளிக்கு வைத்த ஜூஸ் எல்லாம் இருக்கும். எல்லாரும் திறப்பார்கள், யார் கண்ணிலாவது பட்டால் பையன் கதை முடிந்தது. மேலே ஐஸ் பெட்டியை என்னைத் தவிர யாரும் திறப்பதில்லை. கவரில் சுற்றி ஐஸ் தட்டுக்குப் பின்னால் வைத்தேன். குளுமை நல்லது என்றால், அதிகக் குளுமை இன்னும் நல்லது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒரே ஒரு தடவைதான் பூட்டை இழுத்துப் பார்த்தேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

காலை ஆறு மணிக்கு முன்னாலேயே வந்து எடுத்தேன். கல்லாக இருந்தது. உள்ளங்கையில் உருட்டி, சட்டைக்குள் வைத்துச் சூடுபடுத்தினேன். கொஞ்ச நேரத்தில் இளகியது. பால் கலந்த தண்ணி மாதிரி, நேற்றுப் பார்த்த அதே நிறம். பஞ்சில் சுற்றி டப்பாவில் வைத்து டேப்பை ஒட்டினேன். இசக்கிமுத்து வந்ததும், "நல்லா குளுமையா வெச்சிருந்தேன் தம்பி" என்றேன். "நல்லா இருப்பீய அண்ணாச்சி" என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

சரியாக ஆறரைக்கு மேடம் வந்தார். வழக்கம் போல ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார். பவுடர் டப்பா வந்தது.

"தட்டுங்க."

அவன் தட்டவில்லை. டேப்பை உரித்து, பஞ்சைப் பிரித்து, ஆறு பாட்டிலையும் ஊசிக் கத்தையையும் வரிசையாக அந்த வெள்ளைத் துணிமேல் வைத்தான்.  மேடம் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மற்ற எல்லாப் பொருளுக்கும் கேட்ட அதே குரலில் கேட்டார்.

"இது என்ன?"

"இன்சுலின் மேடம்."

"யாருக்கு?"

"எனக்கு."

"எத்தனை நாளைக்கு?"

"ரெண்டு மாசத்துக்கு மேடம். தெனம் ரெண்டு வேளை."

மேடம் தலையை ஆட்டினார். "இதே மாதிரி அங்கயும் சொல்லுங்க. ஆனா பவுடர் டப்பாவுல இருந்து எடுத்துச் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. வெளியில, எல்லாரும் பாக்கற மாதிரி கவர்ல வைங்க. டாக்டர் சீட்டு இருக்கா?"

பெரியாஸ்பத்திரி சீட்டு ஒன்று அவன் பர்ஸில் நாலாக மடிந்து கிடந்தது. அவன் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, "என்னை அனுப்புவீயளா மேடம்?" என்றான்.

"அதை நான் முடிவு பண்ண முடியாது. டாக்டர்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, கம்பெனிக்கு வாரம் இரண்டு நாள் வருகிற டாக்டருக்கு அங்கேயே போன் போட்டார். டாக்டர் இசக்கிமுத்துவிடம் பத்து நிமிஷம் பேசினார். என்ன சாப்பிடுகிறான், எவ்வளவு போடுகிறான், மயக்கம் வந்திருக்கிறதா என்று. கடைசியில், "என்னைவிட இந்தப் பையனுக்கு இது நல்லாத் தெரியுது. போகலாம். படப்பையில என் கிளினிக் வழியாதானே வண்டி வரும், லெட்டர் எழுதித் தரேன்" என்றார். "மருந்து கைப்பையிலதான் இருக்கணும் மேடம். கீழ லக்கேஜ்ல போட்டா உறைஞ்சிடும். உறைஞ்சிட்டா அது மருந்தே இல்ல. பாத்தா வித்தியாசம் தெரியாது, அதான் ஆபத்து."

மேடம் அதை எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். "உறைந்தால் மருந்தே இல்லை. பார்த்தால் தெரியாது."

நான் அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எட்டாவது படித்தவனுக்கு ஐம்பத்து நாலு வயசில் இந்த வேலை போனால் வேறு வேலை இல்லை. நான் சொன்னால் பையன் பயணமும் நின்றுபோகும், நிரந்தரமும் போய்விடும். ஒரு ராத்திரிதானே, ஒன்றும் ஆகியிருக்காது. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வண்டி கிளம்பியது. ஏர்போர்ட் வரை கூடப் போவது என் வேலை. தேசப்பன் ஓட்டினான். இசக்கிமுத்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கவரை வெளியே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இத்தனை வருசத்துல இதை வெளிய வச்சுப் பாக்கது இன்னைக்கிதான் அண்ணாச்சி" என்றான்.

தேசப்பன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "இன்னாண்ணா, நீதான் பிளைட்டு ஏறப் போறவன் மாதிரி கீற. மூஞ்சில ரத்தமே இல்ல."

படப்பை வந்தது. டாக்டர் வெளியே திண்ணையில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே கூட்டிப்போய் லெட்டரை எடுத்து வைத்து, பாட்டிலை எண்ணினார். ஒன்றைக் கையில் எடுத்து, மேலே ஒட்டியிருந்த பெயரை எழுத ஆரம்பித்தார். 'ஆறு' என்று எழுதினார். கையெழுத்துப் போடக் குனிந்தார்.

"சார், அதை எழுதாதீங்க" என்றேன்.

 டாக்டர் நிமிர்ந்ததும் சொன்னேன். "அதை நேத்து சாயங்காலம் ஐஸ் பெட்டியில வெச்சிட்டேன் சார். காலைல எடுக்கும்போது கல்லா இருந்தது. நான்தான் சூடு பண்ணி உள்ள வெச்சேன்."

 இசக்கிமுத்து என்னைப் பார்க்கவில்லை, பாட்டிலைப் பார்த்தான். "மேலயா, கீழயா அண்ணாச்சி?"

"மேல."

டாக்டர் ஒரு பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்க சொல்லலைன்னா கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

மேடத்துக்கு போன் செய்தேன். நான் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. அப்புறம் கேள்வி கேட்டார். எத்தனை பாட்டில். எத்தனை மணி நேரம். அவனிடம் நல்ல பாட்டில் ஏதாவது இருக்கிறதா. அவன் சட்டைப் பையில் பாதி பாட்டில் இருக்கிறது என்று சொன்னேன். "சரி. டாக்டர்கிட்ட புதுச் சீட்டு எழுதி வாங்குங்க. தாம்பரத்துல ஆஸ்பத்திரிக்கு எதிர்ல மருந்துக் கடை ராவும் பகலும் திறந்திருக்கும். நான் போன் பண்ணி எடுத்து வெக்கச் சொல்றேன். தேசப்பனை மெதுவாவே ஓட்டச் சொல்லுங்க, நேரம் இருக்கு" என்றார். ஏன் செய்தீர்கள் என்று கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் என்னால் தாம்பரம் வரை போயிருக்க முடியாது.

வண்டியில் ஏறின பிறகு இசக்கிமுத்துவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன், "எங்க ரூம் பானையே தேவலாம் போலுக்கே அண்ணாச்சி" என்றான். தேசப்பன் சிரித்துவிட்டான். பிறகு அவனும் சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கடையில் அந்த மருந்து நாலு பாட்டில்தான் இருந்தது. மேடத்திடம் சொன்னேன். "நாலு போதும். மூணு வாரத்துல அடுத்த பேட்ச் போகுது, மீதியை அவங்க கையில அனுப்பலாம். லெட்டர்ல நாலுன்னு இருக்கான்னு பாருங்க" என்றார். பார்த்தேன். டாக்டர் புது லெட்டரில் எண்ணிக்கை எழுதாமல் இடம் விட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தார். கடையிலிருந்தே போனில் அவரைக் கூப்பிட்டு, அவர் சொல்லச் சொல்ல நாலு என்று கடைக்காரரே எழுதிக் கடை முத்திரையும் வைத்துக் கொடுத்தார். ஐஸ் பை தரட்டுமா என்று கேட்டார். இசக்கிமுத்து வேண்டாம் என்றான். தன் கைக்குட்டையை நனைத்து, பிழிந்து, நாலு பாட்டிலையும் கவரோடு அதில் சுற்றினான். "ஈரம் போதும். ஐஸ் ஆகாது" என்றான். என்னைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. இருந்தாலும் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஏர்போர்ட்டுக்குள் எங்களை விட மாட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அவன் உள்ளே போய்ப் பெட்டியைப் போட்டுவிட்டு மறைந்துவிட்டான். ஒன்றேகால் மணி நேரம் கழித்து போன் வந்தது.

"அண்ணாச்சி, ஆபீசரு மேடம் கேட்ட மாதிரியேதான் கேட்டாரு. இது என்ன, யாருக்கு, எத்தனை நாளைக்கு. லெட்டரைக் கூட முழுசாப் படிக்கல. ஊசியைத் திருப்பிக் குடுத்துட்டாரு."

"அப்புறம் இன்னா இவ்ளோ நேரம்?"

"பர்ஸுல அரை பிளேடு இருந்துச்சு."

மேடம் அன்றைக்குப் பர்ஸைத் திறக்கச் சொல்ல மறந்துவிட்டார். எனக்குத் தெரிந்து அவர் மறந்தது அந்த ஒரு தடவைதான்.

அஞ்சாம் நாள் கொரியாவிலிருந்து பேசினான். சக்கரை அளவு சரியாக இருக்கிறது என்றான். இரண்டு மாசம் முடித்து வந்தான். பர்சனல் பிரிவில் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள், நோயை மறைத்துவிட்டான் என்று. மேடமும் டாக்டரும் போய் உட்கார்ந்து பேசினார்கள். நிரந்தரம் ஆனது. அவனுக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் தங்களுக்கு இருக்கிற நோயை அவர்களாகவே வந்து மேடத்திடம் சொன்னார்கள். அவர்களையும் அனுப்பினோம்.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. இசக்கிமுத்து விமானம் ஏறிய மூன்றாம் நாள் மேடம் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு தாள். எனக்கு மெமோ. கம்பெனியில் எல்லா மெமோவும் இங்கிலீஷில்தான் வரும். எனக்கு வந்தது தமிழில் இருந்தது. நான் படிக்க வேண்டும் என்பதற்காக அவரே உட்கார்ந்து டைப் அடித்திருந்தார்.

"படிங்க. தப்பா எதாவது எழுதியிருந்தா சொல்லுங்க" என்றார்.

எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஊழியர் ஏகாம்பரம், பயணியின் பையைப் பயணி இல்லாதபோது திறந்து, மருந்தை எடுத்துப் பேன்ட்ரி பிரிட்ஜில் வைத்தார், அதனால் மருந்து கெட்டுப்போனது, இது கண்டிக்கத்தக்கது. அடுத்த பத்தியில், பயணி விமானம் ஏறுவதற்கு முன் ஏகாம்பரம் இதைத் தாமாகவே தெரிவித்தார், அதனால் பயணிக்குப் பாதிப்பு ஏற்படவில்லை. இரண்டும் ஒரே அளவு எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. அவர் என்னைக் காப்பாற்றுகிறேன் என்று முதல் பத்தியை விட்டுவிடவில்லை. கோபத்தில் இரண்டாவதை விட்டுவிடவும் இல்லை. இப்படி எழுத மனசில் எவ்வளவு தராசு வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"சரியா இருக்கா?"

"ஒரு எடத்துல தப்பு கீது மேடம்."

"எங்க?"

"பிரிட்ஜில வெச்சேன்னு போட்டுகீறீங்க. கீழ வெச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு. நாளைக்கு இதை யாராச்சும் படிச்சா, பிரிட்ஜே ஆவாதுன்னு நெனச்சிக்கினு வெயில்ல வெச்சிடுவாங்க. மேல ஐஸ் பெட்டியில வெச்சேன். அப்படித்தான் எழுதணும்."

 மேடம் பேனாவை எடுத்து, 'பிரிட்ஜில்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'ஐஸ் பெட்டியில்' என்று எழுதினார். ஓரத்தில் தன் சுருக்கக் கையெழுத்தைப் போட்டார். தாளை என் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினார்.

"திருத்தின எடத்துல நீங்களும் போடணும் அண்ணா" என்றார்.

அவர் எழுத்துக்குக் கீழே என் பெயரை முழுசாக எழுதினேன்.